உள்ளே ஆள் இருக்கிறார்

இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் மெத்தைக்காரர் வீட்டைக் கை நீட்டிக் காட்டுவார்கள். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே கிடங்கு. எல்லாம் நான் சம்பாதித்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குள் இருந்ததைவிட வெளியே முட்டி போட்டிருந்ததுதான் அதிகம். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் இது போதும் என்று கிளம்பிவிட்டேன். தலையில் மெத்தை சுமந்தவன் பிறகு மெத்தைக் கடைக்கு முதலாளி ஆனான் என்றால் அந்த ஆள் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.

ஆனால் இது என் கதை இல்லை, என் மனைவியின் கதை. அவளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று போன வருஷம் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒரு பெரிய ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாள். அங்கே மெத்தை கொண்டுபோய்ப் போடுகிற வேலை எனக்கு. சுமைக்காரர்கள் முன்வாசல் லிஃப்டில் ஏறக் கூடாது, பின்பக்கப் படிதான். ஐந்தாவது மாடி வரை சுமந்துபோய் இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறேன், நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து மெத்தை ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"ஓரம் தொய்யுதுங்க. கொஞ்ச நாள்ல குழி விழுந்துடும். எடுத்துட்டுப் போயிடுங்க."

"நீ யாரும்மா என் மெத்தையைக் குத்தம் சொல்ல?"

"நீங்க வித்துட்டுப் போயிடுவீங்க. முதுகு வலிக்குதுன்னு காலையில யாருகிட்ட கத்துவாங்க? எங்கிட்டதான்."

மறுபடியும் ஐந்து மாடி இறங்கினேன். திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். ஓரத்தைப் பிரித்துத் தைத்து மறுநாள் கொண்டுவந்தபோது அவளே படியில் இறங்கி வந்து ஒரு முனையைப் பிடித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்தால் நடக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போனாள். கலைந்த படுக்கையைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். "இவரு ராத்திரி பூரா உட்கார்ந்தே இருந்திருக்காரு, போர்வை மடிப்பே கலையலை." "இந்தம்மா அழுதிருக்காங்க, தலையணையைத் திருப்பி வெச்சிருக்காங்க." முகமே பார்க்காத ஆட்களைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு அவ்வளவாகக் கேட்க நேரம் இருக்காது. இரண்டாவது கடை திறந்த வருஷம், "மெத்தைக்காரன் பெண்டாட்டி இனிமே அடுத்தவன் படுக்கையை உதற வேண்டாம்" என்று வேலையை நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

மறதி அவளிடம் சத்தம் போடாமல் வந்தது. அடுப்பு, சாவி, தெரு என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. பிறகு மகளின் பெயர் போனது. கடைசியில் நானும் போனேன். "என்னங்க" என்று கூப்பிட்டவள் ஒரு நாள் காலையில் கதவோரம் நின்று, "சார், ரூம் சுத்தம் பண்ணலாமா?" என்று கேட்டாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை. என் வீடு அவளுக்கு ஓட்டல் ஆகிவிட்டது. நான் வந்து தங்கியிருக்கிற ஆள்.

"எப்ப சார் காலி பண்றீங்க?"

"நான் ஏம்மா காலி பண்ணணும்? இது நான் கட்டின வீடு. ஒவ்வொரு செங்கல்லும் என் காசு."

"ரொம்ப நாள் தங்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க" என்றாள், மரியாதையாக.

அன்றைக்குக் கடைக்குப் போய் ஒரு வியாபாரமும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாடி நடையின் கோடியில் ஓர் அறை உண்டு. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவளுடைய கட்டிலும் விலைபோகாத சில மெத்தைகளும் அதில் கிடந்தன. என் மனைவி அங்கே போய்ப் போர்வைகளை இழுத்துப் போட்டு மடிப்பாள், மறுபடி இழுப்பாள். ஒரு நாள் சுருட்டி வைத்த மெத்தையில் தடுக்கி விழுந்து நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டாள். கிடங்குப் பூட்டைக் கொண்டுவந்து அந்த அறைக்குப் போட்டேன். ஆனை வந்தாலும் அசைக்க முடியாத பூட்டு. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மறுநாளிலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.

ஓங்கித் தட்டமாட்டாள். விரல் முட்டியால், தூங்குகிறவர் பயந்துவிடக் கூடாது என்பதுபோல ஒரு தட்டு. பிறகு கதவில் காதை வைப்பாள். மறுபடியும் ஒரு தட்டு. "சார்... சார்..." என்று மெல்லிய குரல். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். உட்காரச் சொன்னால் தலையாட்டுவாள், உட்கார மாட்டாள். நின்று நின்று பாதம் இரண்டும் வீங்கின.

"அங்க யாரும் இல்லம்மா."

"உள்ள ஆள் இருக்காங்க."

பூட்டைத் திறந்து கதவை அகலமாகத் தள்ளிக் காட்டினேன். "பாரு. நல்லா பாரு. யார் இருக்கா?"

அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள். கட்டிலைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அதைக் காட்டினாள். "அங்க" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நகர்ந்தாள்.

எனக்குப் பயம் என்பது பிறவியிலேயே கிடையாது. கிடங்கு தீப்பிடித்தபோது ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனவன் நான். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சந்துக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அந்த நடையில் போகும்போதெல்லாம் எனக்கே காது அந்தப் பக்கம் போயிற்று. ஒரு மத்தியான நேரம். கடையில் ஆள் இல்லை, தெருவில் வண்டிச் சத்தம்கூட இல்லை, அவளும் நாற்காலியில் அசந்துவிட்டாள். பூட்டிய அறைக்குள்ளே யாரோ புரண்டு படுத்ததுபோல ஒரு முனகல். பழைய ஸ்பிரிங் மெத்தை வெயில் சூட்டில் அப்படித்தான் முனகும். மெத்தைக்காரனுக்கு இது தெரியாதா? தெரிந்தும் நானும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அம்மாவின் கையைப் பார்த்ததும் மகளுக்கு முகம் மாறிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிற்று.

"அப்பா, அம்மா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"குடிக்கறா. பால் குடிக்கறா."

"பால் குடிச்சா போதுமா? ஒரு நல்ல இல்லம் பார்த்திருக்கோம். நர்ஸ் இருக்காங்க, டாக்டர் வர்றாரு. அடுத்த மாசம் ஒரு இடம் காலியாகும்னு சொன்னாங்க."

"இப்பவே எப்படிச் சொல்றாங்க, அடுத்த மாசம் காலியாகும்னு?"

மாப்பிள்ளைதான் மெதுவாகச் சொன்னார், "மாமா, நீங்களும் எளைச்சுட்டீங்க. அதுக்குள்ள அத்தை சாப்பிட ஆரம்பிச்சா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா பிடிவாதம் பிடிக்காதீங்க."

பிடிவாதம் பிடிக்காமல் நான் என்னத்தைச் சம்பாதித்தேன்? இந்த வீட்டில் அவள் இருப்பதும் போவதும் ஒரு வாய்ச் சோற்றில் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்கொரு முறை ஒரு பெண் வருவாள். மருந்து கொடுக்க மாட்டாள், ஊசி போட மாட்டாள், கேள்வி மட்டும் கேட்பாள். அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அவளிடமே சொல்லியும் இருக்கிறேன், சிரிப்பாள்.

"அம்மாவுக்கு இப்பவும் என்னென்ன நல்லா வருது சார்?"

"ஒண்ணும் வரலைன்னுதானேம்மா உன்னை வரச் சொல்லியிருக்கு?"

"வராததையெல்லாம் டாக்டர் பார்த்துட்டாரு. நான் மிச்சத்தைக் கேக்கறேன்."

யோசித்துச் சொன்னேன். போர்வை மடிப்பாள். படுக்கை போட்டால் ஒரு சுருக்கம் இருக்காது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். தங்கியிருக்கிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாள், அதாவது எனக்கு. சொல்லச் சொல்ல இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம்.

"தட்டறதையும் சேத்துக்கலாமே" என்றாள் கேள்விக்காரி.

"அது வியாதிம்மா."

"இருக்கலாம். ஆனா எவ்வளவு பக்குவமா தட்டறாங்க, பார்த்தீங்களா? யாருக்கோ ஏதோ ஆயிடக் கூடாதுன்னு நிக்கறாங்க. தட்டறதை நிறுத்திட்டாங்கன்னா அந்த அக்கறையும் போயிடுச்சுன்னு அர்த்தம். யாரு அந்த ஆளு சார்?"

"அப்படி ஒருத்தரும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா சார்?"

இதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள், "உங்களுக்கு என்ன நல்லா வரும்?"

"எதையும் விப்பேன். இல்லாத சரக்கைக்கூட இருக்குன்னு விப்பேன்."

"நல்லதாப் போச்சு. அது வேண்டியிருக்கும்" என்றவள், அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு நாள் வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த ஓட்டலில் லிஃப்ட் ஓட்டியவர் ஒருத்தர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். சுமைக்காரனாக இருந்த என்னை ஒரு நாள்கூட லிஃப்டில் ஏற்றாதவர். கூப்பிட மனசில்லை. கூப்பிட்டேன்.

"என்ன மெத்தை, இன்னும் ஊர்லயே நீங்கதான் பெரிய ஆளா?" என்றபடி தடியை ஊன்றி வந்தார்.

"உங்க லிஃப்ட் இல்லாமலே மேல வந்துட்டேன், பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன், பார்த்தேன். ரெண்டாவது மாடியிலேயே நின்னுட்டீங்க."

சிரித்துக்கொண்டே வந்தவர் நடையில் அவளைக் கண்டதும் நின்றார். அவள் பூட்டிய கதவைத் தட்டிக் காதை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இன்னுமா தங்கச்சி அதை விடலை?"

"எதை?"

"உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

அவர் சொன்னது இதுதான். ஐந்தாவது மாடியில் கோடி அறையில் வயசான ஒருத்தர் தனியாக வெகுநாள் தங்கியிருந்தார். ஒரு நாள் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைக் கதவுப் பிடியில் மாட்டியிருந்தார். அட்டை தொங்கினால் அறைப் பெண்கள் தட்டக் கூடாது, அது சட்டம். இவள் அந்தப் பக்கம் போனபோது உள்ளே ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டுமா என்று மேற்பார்வைக்காரியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "அட்டை தொங்குதே, கண்ணு தெரியலையா?" என்று விரட்டிவிட்டாள் அந்த மகராசி. மறுநாளும் அட்டை தொங்கிற்று. அதற்கும் மறுநாள்தான் கதவை உடைத்தார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தாராம். முதல் நாள் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சும்மா இருந்திருக்கலாம், அந்த டாக்டர்.

"அப்புறம் தங்கச்சி அட்டை மாட்டின ரூமையெல்லாம் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. வந்தவங்க சத்தம் போடாம இருப்பாங்களா? ஓட்டல்ல ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாங்க, கேக்கலை. கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க."

"அவளை நான்தானே நிறுத்தினேன்" என்றேன்.

லிஃப்ட்காரர் டம்ளரில் இருந்த டீயைக் குடித்து முடித்தார்.

அந்த வருஷம்தான் என் இரண்டாவது கடை. வீட்டில் வாயைத் திறந்தால் நான் கடையைப் பற்றித்தான் பேசுவேன்.

அவர் போன பிறகு பூட்டைக் கழற்றி எறிந்தேன். சுருட்டின மெத்தைகளைக் கீழே இறக்கினேன். கட்டிலுக்குப் படுக்கை விரித்தேன், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். உள்ளே ஆள் இருக்கிறார் என்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஆளாக நானே இருந்தால் என்ன? இது என் யோசனைதான். கேள்விக்காரி பிறகு பாராட்டினாள், அதற்காக அவளுடையது ஆகிவிடாது.

முதல் நாள் சொதப்பிவிட்டேன். அவள் தட்டினாள். "யாரது? உள்ள வா!" என்று கடைக் குரலில் அதட்டினேன். வெளியே சத்தமே இல்லை. எழுந்து பார்த்தால் நடையின் அந்தக் கோடியில் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். "அது அவரு குரல் இல்லை" என்றாள். "வேற யாரோ உள்ள வந்துட்டாங்க."

அவருடைய குரல் எனக்கு எப்படித் தெரியும்? நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். வயசானவர். யாரும் இல்லாதவர். அட்டையை மாட்டிவிட்டு விழுந்தவர். கூப்பிட்டிருப்பார், எட்டியிருக்காது. அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்ததே இல்லை. மத்தியானம் பூராவும் அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடத் தேட, வெயில் விழாத அந்தச் சந்துப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அங்கே ஒன்றும் இல்லை. தரைதான் இருந்தது. அவ்வளவு குறுகலான இடத்தில் ஒரு ஆள் கையைக்கூட மடக்க முடியாது.

மறுநாள் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தேன். சாப்பாட்டுத் தட்டு மேசையில். அவள் தட்டினாள். நான் ஒரு இருமல் இருமினேன், அவ்வளவுதான்.

"சார்? நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேம்மா."

பிறகு கதவு கையளவு நகர்ந்தது. அவள் முகம் முதலில் சந்துப் பக்கம் திரும்பியது. பிறகு கட்டில். பிறகு நான். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. கல்யாண நாளில்கூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்தாள். போர்வையை உதறினாள். ஒரே உதறல், காற்றில் எழும்பிக் கட்டிலை அளந்ததுபோல விழுந்தது. முனைகளை மடித்துச் செருகினாள். மறதியெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரியாது. தலையணையைத் தட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"நேத்து தட்டலை சார். சத்தம் கேட்டுச்சு. தட்டலை."

எதையும் விற்கிற வாய் எனக்கு. அவள் வேலையை நிறுத்திவிட்டு நின்றாள். நான் பேசாமல் இருந்தால் அப்படியே நின்றிருப்பாள்.

"அட்டையை நான்தாம்மா தெரியாம மாட்டிட்டேன்" என்றேன். "உன் மேல தப்பு இல்ல."

"இனிமே மாட்டாதீங்க சார்."

"மாட்ட மாட்டேன்."

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். "எனக்குத் தனியாச் சாப்பிட்டா இறங்காது. நீயும் உட்காரு."

"ரூம்ல நாங்க உட்காரக் கூடாது சார். திட்டுவாங்க."

"எவ திட்டுவா? இந்த ஓட்டலையே வாங்கலாம்னு வந்திருக்கற ஆளு நான். இப்பவே கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

அவள் சிரித்தாள். மறதி வந்த பிறகு நான் பார்க்காத சிரிப்பு. கட்டில் நுனியில், மடிப்பு கலையாமல் உட்கார்ந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். பிறகு இன்னொரு வாய்.

மாசக் கடைசியில் மகள் வந்தபோது நாங்கள் அந்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் நின்று பார்த்தாள். கேள்விக்காரி அவளை நடைக்குக் கூட்டிப்போய் என்னவோ பேசினாள். இனிமேல் வாரத்தில் இரண்டு மத்தியானம் மகளோ லிஃப்ட்காரரோ அந்த நாற்காலியில் உட்காருவது, நான் கீழே போய்த் தூங்குவது என்று பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அது தேவையில்லை என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லிஃப்ட்காரர் என்னைவிட நன்றாக இருமுகிறாராம், மகள் சொன்னாள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"அப்பா, அம்மா உங்களை யாருன்னு நினைச்சுச் சாப்பிடறாங்க?"

"செத்துப்போன ஒருத்தர்னு."

"உங்களுக்கு அது பரவாயில்லையா?"

"சாப்பிடறாளா இல்லையா? அதைப் பாரு."

காலியாகப்போகிற அந்த இடம் வேண்டாம் என்று மாப்பிள்ளை போனில் சொல்லிவிட்டார்.

இப்போது அவள் இன்னும் குறைந்துவிட்டாள். பேச்சு அதிகம் இல்லை. தினமும் அந்த நேரத்துக்கு நான் நாற்காலிக்குப் போய்விடுவேன். காத்திருக்கிற நேரத்தில் நான் மெத்தைக்காரன் இல்லை, கடை இல்லை, வீடு இல்லை. நடையில் காலடி கேட்கிறதா என்று மட்டும் பார்க்கிற ஒரு கிழவன். அவர் எப்படிக் காத்திருந்திருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும். சில நாள் அந்தச் சந்துப் பக்கம் திரும்பி, "வருவா, பொறுங்க" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் காலடி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. மூச்சுகூடக் கேட்டது. தட்டு விழவில்லை. நான் இருமினேன். ஒன்றும் இல்லை. கையை எதற்குத் தூக்கினோம் என்று மறந்துபோய் நிற்கிறாள் என்று புரிந்தது. பிறகு காலடி மெல்ல நகர்ந்தது, நடையில் தூரமாகப் போயிற்று.

கத்திக் கூப்பிட்டிருக்கலாம். என் குரல் தெருக்கோடி வரை எட்டும். கத்தினால் பயந்துவிடுவாள். எழுந்து கதவுக்குப் போனேன். விரல் முட்டியால், தூங்குகிறவர் பயந்துவிடக் கூடாது என்பதுபோல, உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டினேன்.

காலடி நின்றது.

இன்னொரு தடவை தட்டினேன்.

திரும்பி வந்தது. கதவின் அந்தப் பக்கம் அவள் காதை வைத்தாள், மரத்தில் கம்மல் உரசியது.

"சார்," என்றாள், "உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றேன். "உள்ள வா."